பிளம்ஸ் சாராயமும் சொல்லாத விருந்தும்

ராடிவோயே என்ற சேர்பியாக்காரரை எனக்குப் பதினொரு வருஷமாகத் தெரியும். சுவிசில், பேர்ன் நகரத்துப் பூம்ப்ளிஸில் நகரசபை வாடகைக்குக் கொடுக்கும் தோட்டத் துண்டுகளில் ஒன்று எங்களுடையது, அடுத்தது அவருடையது. நடுவில் இடுப்பளவுக் கம்பிவேலி. அந்த வேலிக்கு மேலால் எங்கள் மிளகாய் அங்கே போயிருக்கிறது, அவருடைய வெங்காயம் இங்கே வந்திருக்கிறது, சின்னக் குப்பிகளில் பிளம்ஸ் சாராயமும் வந்திருக்கிறது. என் கணவர் ஜெகதீஸ்வரனுக்கும் அவருக்கும் அப்படியொரு சினேகிதம். ஆனால் இந்தப் பதினொரு வருஷத்தில் என் கணவர் ஒருநாள்கூட ராடியின் வீட்டு வாசலை மிதித்ததில்லை. ஏனென்று கேட்டால், "அவர் சொன்னவரோ?" என்று என்னையே திருப்பிக் கேட்பார்.

எங்கள் பக்கத்தில் சொல்லுவது என்றால் சும்மா வாயால் சொல்லுவதல்ல. வீடு தேடி வரவேண்டும், புருஷன் பெண்சாதி இரண்டு பேரையும் வைத்து, இன்ன நாள், கட்டாயம் வாருங்கள் என்று முறையாக அழைக்கவேண்டும். இவருக்கு இந்த விஷயத்தில் வந்த பிடிவாதத்தின் கதை எனக்குத் தெரியும். பதினேழு வயதில் சினேகிதன் ஒருவனோடு ஒட்டிக்கொண்டு ஒரு கலியாண வீட்டுக்குப் போயிருக்கிறார். பந்தியில் இலை போட்டு இருந்த பிறகு பெண் வீட்டுப் பெரியவர் ஒருவர் குனிந்து, "தம்பி, உமக்கு ஆர் சொன்னது?" என்று கேட்டாராம். எழும்பி வந்தவர்தான். சொந்தத் தங்கை வீட்டுப் பிறந்தநாளுக்குக்கூட போனில் சொன்னால் போதாது இவருக்கு. விசர் மனுசன் என்று நான் திட்டாத நாளில்லை.

போன ஒக்டோபரில், தோட்டத்தைத் திருப்பிக் கொடுக்கிறேன், டிசெம்பர் பத்தாம் திகதி ஒரேயடியாக ஊருக்குப் போகிறேன் என்று ராடி சொன்னபோது நான் விரல்விட்டு எண்ணினேன். இனி இந்த இரண்டு மாதத்துக்குள் இவர் அந்த வாசலை மிதித்தால்தான் உண்டு. மிதிக்காவிட்டால் இப்படியொரு சினேகிதம் வேலியோடு முடிந்துபோகும். எனக்கு விளங்கியது இவருக்கு விளங்கவேண்டுமே!

ராடி எண்பத்தொன்பதில் வந்தவர், எங்களுக்கு இரண்டு வருஷம் முன்னால். ஒன்பது மாதம் வேலை, மூன்று மாதம் ஊர் என்ற அனுமதியில் எங்கடின் மலைப்பக்கத்தில் ஹோட்டல்கள் கட்டினார். பிறகு பேர்னில் ட்ராம் தண்டவாளம் போட்டார். வலது முழங்கால் அந்த வேலையிலேயே போய்விட்டது. அரை மணித்தியாலம் சேர்ந்தாற்போல நின்றால் முகம் கோணிவிடும். அதனால் தோட்டத்தில் அவர் எங்கே போனாலும் ஒரு மடக்குக் கதிரை பின்னால் போகும். தக்காளிக்குத் தண்ணீர் விடுவதும் அதில் இருந்துதான். மகள் கனடாவில். மனைவி ஸ்டானொய்கா மூன்று வருஷத்துக்கு முன் தவறிவிட்டார்.

அவருடைய துண்டில் இரண்டு பிளம்ஸ் மரங்கள் நின்றன. முதல் வருஷம் செப்டெம்பரில் மரத்தடியில் நீலப் பிளாஸ்டிக் பீப்பா இரண்டு முளைத்தன. பக்கத்தில் போனால் உள்ளே குமிழ் வெடிக்கிற சத்தம். புளித்த வாசனையும் இனிப்பு வாசனையும் சேர்ந்து வரும். எனக்குக் கை பரபரத்தது, மூடியைத் திறந்து பார்க்கவேண்டும் என்று.

"கசிப்பு போடுறார் போல," என்றேன் இவரிடம். ஊரில் களவாகக் காய்ச்சும் சாராயத்துக்கு அதுதான் பெயர்.

"அங்காலை பாராதையும். பொலிஸ் வந்தா எங்களைத்தான் சாட்சிக்குக் கூப்பிடுவாங்கள்," என்று இவர் புறுபுறுத்தார்.

நான் நேராகவே போய்க் கேட்டுவிட்டேன். நாங்கள் மூன்று பேரும் பேசியதை ஜெர்மன் என்று சொன்னால் ஜெர்மன்காரர் வழக்குப் போடுவார்கள். இங்கே தமிழில் நேராக்கி எழுதுகிறேன். கேட்டதும் அந்த மனுசனுக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்கவேண்டும். கதிரையை இழுத்துக்கொண்டு வந்து மூடியைத் திறந்தார். பழத்தைக் கையால் பறிக்கக் கூடாதாம். காம்படியில் தோல் சுருங்கும்வரை விட்டு, மரத்தை உலுப்பி, விழுந்ததை மட்டும் எடுக்கவேண்டுமாம். கொட்டை நீக்கிப் பீப்பாவில் போட்டால் தானே புளிக்கும். மேலே மிதக்கும் தோலை நாளுக்கு இரண்டுதரம் அமுக்கிவிடவேண்டும். அது தானாகக் கீழே இறங்குகிற அன்றைக்குக் காய்ச்சலாம்.

"சீனி எவ்வளவு போடுவீங்கள்?" என்றேன்.

ராடி நெஞ்சில் கை வைத்தார். "சீனி போடுகிறவனோடு எங்கள் ஊரில் பேச்சு வார்த்தை இல்லை," என்றார்.

இந்த நாட்டில் கண்டவரும் அடுப்பில் வைத்துக் காய்ச்ச முடியாது. பழத்தைக் கொண்டுபோனால் கூலிக்குக் காய்ச்சித் தருகிற இடங்கள் இருக்கின்றன. ஃப்ரிபூர்க் போகிற வழியில் ஒரு கிராமத்துக்கு ராடி பீப்பாக்களை ஏற்றிக்கொண்டு போனபோது, நானும் வருகிறேன் என்று காரில் ஏறிவிட்டேன். இவர் வரவில்லை. சாராயம் காய்ச்சுவதைப் பார்க்கக் காரேறிப் போகிற பொம்பிளையைத் தான் கண்டதில்லை என்றார். அதுதான் இப்போது கண்டுவிட்டீர்களே என்றேன்.

செம்புப் பானை. அதன் தலையிலிருந்து வளைந்து போகும் குழாய். நுனியில் முதலில் சொட்டியதை ஒரு போத்தலில் பிடித்துத் தனியே ஊற்றிவிட்டார்கள். அது கண்ணைக் கெடுக்கும் நஞ்சாம். கடைசியில் வருவதும் உதவாது, நடுவில் வருவதுதான் சாமான். அதையும் திரும்பப் பானையில் ஊற்றி இரண்டாம் தரம் காய்ச்சினார்கள். நூற்றிருபது கிலோ பழம் பத்து லீற்றருக்கு வந்து நின்றது. ராடி என் உள்ளங்கையில் இரண்டு சொட்டு விட்டு, தேய்த்து மணந்து பார்க்கச் சொன்னார். ஆஸ்பத்திரி வாசனைதான் மூக்கில் அடித்தது. முகத்தைச் சுளித்தேன். "பொறு," என்றார். கை காய்ந்தது. பிறகு மணந்தால், அம்மாடி, பழுத்த பிளம்ஸ் மட்டும்! சாராயம் போய்விட்டது, பழம் கையில் இருக்கிறது. கெட்ட ரக்கியா காய்ந்ததும் ஒன்றும் மணக்காது என்றார். ரக்கியா என்பது பழத்தில் வடிக்கும் சாராயம் எல்லாவற்றுக்கும் பொதுப்பெயர். சீமைமாதுளையில் செய்யலாம், அப்ரிகோட்டில் செய்யலாம், ஆனால் ராடிக்கு மற்றதெல்லாம் கணக்கில் இல்லை. போத்தலைக் குலுக்கிக் காட்டினார். மேலே சுற்றிவர மணிமணியாகக் குமிழ் நின்றது. அந்தக் குமிழ்மாலை கொஞ்சம் நின்று கலைந்தால் பதம் சரியாம்.

அதன் பிறகு சனிக்கிழமைகளில் வேலிக்கு மேலால் குப்பி வரத் தொடங்கியது. கழுத்து ஒடுங்கிய சின்னக் கண்ணாடிக் குப்பி, அதையே வாயில் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சிக் குடிக்கவேண்டும். குடிக்குமுன் ஒருவர் கண்ணை ஒருவர் பார்த்து "ஷீவெலி" என்று சொல்லவேண்டும். வாழுவோம் என்று அர்த்தமாம். கண்ணைப் பார்க்காமல் குடித்தால் ராடிக்குக் கோபம் வரும். இவர் பழகிக்கொண்டார். நான் வெறும் குப்பியை மணந்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பேன். அங்காலைத் துண்டில் வெண்டிக்காய் நடுகிற எங்கள் சனம் பார்த்தால் பின்னேரத்துக்குள் பூம்ப்ளிஸ் முழுக்கச் செய்தி போய்விடும்.

ஸ்டானொய்கா தவறியபோது ஒருவரும் சொல்லாமலே நாங்கள் அடக்கத்துக்குச் சேமக்காலைக்குப் போனோம். சாவுக்குச் சொல்லத் தேவையில்லை, அது இவருடைய சட்டத்திலேயே இருக்கிறது. ராடி குழியடியில் ரக்கியா கொடுத்தார். குப்பிகளை முட்டவில்லை. குடிக்குமுன் கொஞ்சத்தை மண்ணில் ஊற்றினார். இவரும் பார்த்து ஊற்றினார். ராடி இவருடைய தோளை ஒருதரம் இறுக்கிப் பிடித்துவிட்டுப் போனார்.

இப்படிப்பட்ட மனுசன் ஒவ்வொரு நவம்பர் கடைசியிலும், தோட்டத்தைக் குளிருக்கு மூடுகிற நாளில், ஒரே வசனத்தைச் சொல்லுவார். "நிக்கொலாஸ் எங்கள் வீட்டுப் புனிதர். அவருடைய விருந்து நாளில் நான் வீட்டில் இருப்பேன். கதவு பூட்டியிருக்காது." சொல்லிவிட்டு இவரைக் கொஞ்ச நேரம் பார்ப்பார். இவர் மண்வெட்டியைத் துடைப்பார்.

வீட்டுக்கு வந்ததும் இவர் வெடிப்பார். "கொழுப்பைப் பாரும். விருந்தாம், வீட்டிலையாம், கதவும் பூட்டேல்லையாம். ஆனா வாங்கோ எண்டு ஒரு சொல்லு வாயிலை வராது! நான் என்ன, சாப்பாட்டு மணத்துக்குப் போற ஆளோ?"

நானும் முதல் இரண்டு வருஷம் இவர் பக்கம்தான். அது என்ன, விருந்து என்று ஆசை காட்டிவிட்டுக் கூப்பிடாமல் விடுவது? வசந்தத்தில் திரும்பத் தோட்டத்துக்குப் போனால் ராடியின் முகம் கொஞ்சம் கறுத்திருக்கும். குப்பி வர இரண்டு மூன்று கிழமை செல்லும். குளிர்காலம் வீட்டுக்குள் அடைந்து கிடந்த சலிப்பு என்று நினைத்துக்கொள்வோம்.

போன நவம்பரில், எல்லாவற்றையும் கழற்றி ஒப்படைக்கிற நாளில், அந்த வசனம் வரவில்லை. நிக்கொலாஸ் என்ற பெயரையே ராடி எடுக்கவில்லை. மடக்குக் கதிரையை எங்களிடம் கொடுத்தார், கையைக் குலுக்கினார், போனார்.

"பாத்தீரே, இப்ப அதுவும் இல்லை," என்றார் இவர். ராடியின் கதிரையை விரித்தார், திரும்ப மடக்கினார்.

நான் வேலை செய்வது முதியோர் இல்லத்தின் சலவைப் பகுதியில். என்னோடு கட்டில் விரிப்பு மடிக்கிற மிலுங்காவும் சேர்பியாக்காரி. நீங்கள் ஏன் விருந்து வைத்தால் கூப்பிடுவதில்லை என்று அவளிடம் சண்டைக்குப் போவதுபோலக் கேட்டேன். ராடியின் கதையைச் சொன்னேன். அவள் தன் பக்கத்து விரிப்பு நுனியைக் கீழே விட்டுவிட்டாள்.

"பதினொரு வருஷமா? ஒருதரமும் போகவில்லையா?"

"அவர் கூப்பிடவில்லையே!"

"கூப்பிடக் கூடாது, பெண்ணே. அது ஸ்லாவா!" என்று கத்தினாள்.

பிறகு விரிப்பை எடுத்து மடித்துக்கொண்டே விளக்கினாள். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு புனிதர். தகப்பனிடமிருந்து மகனுக்கு வருவது. எனக்கு உடனே பிடிபட்டது. எங்கள் குலதெய்வம்தானே இது! அந்தப் புனிதரின் நாள்தான் ஸ்லாவா. அன்றைக்கு ஒருவரையும் அழைப்பதில்லை, அழைத்தால் வெட்கம். கதவைத் திறந்துவைத்துக்கொண்டு இருப்பார்கள். வேண்டியவர்கள் தாங்களாக வருவார்கள். புது ஆளென்றால் நாள் எது என்று மட்டும் தெரியப்படுத்தலாம், அதற்கு மேல் ஒரு சொல் சொல்லக் கூடாது. வந்தவர்களை இருத்திவிட்டு வீட்டுக்காரன் விருந்து முடியும்வரை நிற்கவேண்டும். புனிதருக்கு மரியாதை. அன்றைக்கு மட்டும் அவனுக்குக் கதிரை இல்லை.

"உன் புருஷன் அந்த மனுஷனோடு ரக்கியா குடிக்கிறான், வீட்டுக்கு மட்டும் வரமாட்டேன் என்கிறான். அவர் என்ன நினைத்திருப்பார்?" என்றாள் மிலுங்கா.

அந்தக் கறுத்த முகங்கள் ஒவ்வொன்றும் கண்ணுக்குள் வந்தன.

வீட்டில் இவரிடம் சொன்னபோது முதலில் நம்பவில்லை.

"உலகத்திலை அப்பிடி ஒரு சனம் இருக்குமே? கூப்பிடாத விருந்தாம்! மிலுங்கா உம்மைப் பேய்க்காட்டுறா."

"சேமக்காலைக்குச் சொல்லாமத்தானே போனீங்கள்?"

"அது சாவீடு. நல்லது கெட்டது வித்தியாசம் இல்லையோ? எங்களுக்கெண்டு ஒரு முறை இருக்கு."

"முறை உங்களுக்கு மட்டுமோ இருக்கு? அந்த மனுசனுக்கும் ஒரு முறை இருக்கு. தன்ரை முறையிலை பதினொரு தரம் சொல்லிப்போட்டார். பந்தியிலை இலை போட்டு வச்சுக்கொண்டு உங்களுக்காகப் பாத்துக்கொண்டு இருந்திருக்கிறார். நீங்கள்தான் எழும்பி வந்தனீங்கள்."

கடைசி வசனத்தை நான் சொல்லியிருக்கக் கூடாது. இவர் அறைக்குள் போய்விட்டார். இரவுச் சாப்பாட்டுக்கு வந்தபோது, "நிக்கொலாஸ் எப்ப?" என்று மட்டும் கேட்டார்.

இது ஒரு கேள்வியா? சுவிசில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். டிசெம்பர் ஆறு. சாமிக்லவுஸ் சிவப்பு அங்கியோடு கடலையும் மண்டரீன் பழமும் கொண்டு வருகிற நாள்.

ஆறாம் திகதி வெள்ளிக்கிழமை பின்னேரம் நான் நெய் விட்டுக் கேசரி கிண்டினேன். இவர் கோயிலுக்குப் போடுகிற சேட்டைத் தானே அயர்ன் பண்ணிப் போட்டுக்கொண்டார். பஸ்ஸில் ஒரு ஜெர்மன் வசனத்தை வாய்க்குள் பாடமாக்கிக்கொண்டே வந்தார். ராடியின் வாசலில் நின்றபோது நெற்றி வியர்த்திருந்தது. டிசெம்பர் குளிரில்! சொன்னதுபோல இல்லாமல் கதவு பூட்டியிருந்தது. மணியை நான்தான் அடித்தேன்.

ராடி கதவைத் திறந்தார். கையில்லாத பழைய பெனியன், கையில் பெட்டி ஒட்டுகிற ரேப். பின்னால் அறைகளுக்குப் போகிற ஓடை முழுக்கப் பெட்டிகள்.

"எங்களை ஒருவரும் கூப்பிடவில்லை," என்றார் இவர், பாடமாக்கின ஜெர்மனில். "நாங்களாக வந்திருக்கிறோம்."

ராடி இவரைப் பார்த்தார். என் கையில் இருந்த கேசரித் தட்டைப் பார்த்தார். ஓடைச் சுவரில் கழற்றாமல் தொங்கிய கலண்டரைத் திரும்பிப் பார்த்தார். பிறகு ரேப்பைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கையாலும் இவரைக் கட்டிப்பிடித்து மூன்றுதரம் கன்னத்தில் கொஞ்சினார். இவர் மரம்போல நின்றார். பிறகு இவரும் கட்டிப்பிடித்தார்.

எங்களை மேசையில் இருத்திவிட்டு உள்ளே போனவர் வெள்ளைச் சேட்டும் கோட்டும் போட்டுக்கொண்டு வந்தார். ஒட்டியிருந்த பெட்டி ஒன்றைக் கிழித்து, துவாயில் சுற்றியிருந்த புனிதர் படத்தை எடுத்துச் சுவரில் சாய்த்தார். மெழுகுதிரி கொளுத்தினார். ஆளுக்கு ஒரு கரண்டி சீனிப்பாணியில் ஊறிய பிளம்ஸும் ஒரு கிளாஸ் தண்ணீரும் தந்தார். கடைப் பாண் ஒன்றை எடுத்து, ஒரு பக்கத்தை இவரைப் பிடிக்கச் சொல்லி, இரண்டு பேருமாகச் சுற்றி, முத்தமிட்டு, பிய்த்தார்கள். கறிக்கு மீன் ரின் ஒன்றை வெட்டினார். விருந்து என்கிறார்கள், ரின் மீனா என்று எனக்கு வாய் வரைக்கும் வந்தது. பாவம், தனி மனுசன், வீட்டைக் கட்டுகிற நேரம் என்று அடக்கிக்கொண்டேன்.

"மற்ற ஆக்கள்?" என்று இவர் கேட்டார்.

"இன்றைக்கு நீங்கள்தான்," என்றார் ராடி.

பிறகு ஒரு போத்தல் வந்தது. கையால் எழுதி ஒட்டியிருந்த வருஷம் இரண்டாயிரத்துப் பதின்மூன்று. நான் காரேறிப் போய்ப் பார்த்த அதே ரக்கியா. "உங்களுக்கென்று வைத்தது. வந்தால் திறக்கலாம் என்று," என்றார். மூன்று குப்பியில் ஊற்றினார். இங்கே எந்த வெண்டிக்காய்த் தோட்டக்காரர் பார்க்கப்போகிறார்? நான் என் குப்பியை எடுத்தேன். கண்ணைப் பார்த்து ஷீவெலி சொன்னேன். நாக்கில் நெருப்பு, தொண்டையில் நெருப்பு, இருமிக் கண்ணீர் வந்துவிட்டது. பிறகு மூச்சு விட்டால் பழம் மணக்கிறது, அன்றைக்கு உள்ளங்கையில் மணந்தது போலவே. இன்னொருதரம் உறிஞ்சினேன். இவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

ராடி கேசரியை இரண்டுதரம் போட்டுச் சாப்பிட்டார். கோப்பையைக் கையில் வைத்து நின்றபடிதான். "இருங்கோ, காலுக்குக் கூடாது," என்று இவர் கதிரையை இழுத்துவிட்டார். ராடி தலையை ஆட்டினார். கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார், முகம் கோணக் கோண நின்றார், எங்கள் குப்பி குறையக் குறைய ஊற்றினார். மிலுங்கா சொன்னபடியே எல்லாம் நடக்கிறது என்று எனக்கு உள்ளுக்குள் பெருமை. இரண்டு மணித்தியாலம் இருந்தோம். மிச்சப் போத்தலை இவருடைய கையில் திணித்து விட்டார். வாசலில் இவர் அழுதார். நான் பார்க்காததுபோல சப்பாத்துப் போட்டேன்.

பத்தாம் திகதி ராடி போய்விட்டார்.

பத்தொன்பதாம் திகதி வியாழக்கிழமை மிலுங்கா வேலையில் வந்து, தன் பின்னேர வேலையை நான் எடுக்க முடியுமா என்று கேட்டாள். மைத்துனன் வீட்டுக்குப் போகவேண்டுமாம்.

"என்ன விசேஷம்?"

"இன்றைக்கு நிக்கொலாஸ் அல்லவா," என்றாள்.

நான் சிரித்தேன். "நிக்கொலாஸ் போய்ப் பதின்மூன்று நாள்."

"அது சுவிஸ்காரருக்கு. எங்கள் கோயிலில் பழைய கலண்டர். எங்களுக்கு எல்லாம் பதின்மூன்று நாள் பிந்தித்தான் வரும்."

அழுக்குத்துணி மூட்டைமேல் அப்படியே இருந்துவிட்டேன். வாக்கிய பஞ்சாங்கம், திருக்கணித பஞ்சாங்கம் என்று வருஷப்பிறப்புக்கே இரண்டு நேரம் வைத்துக் கோயிலுக்குக் கோயில் சண்டை பிடிக்கிற சனத்தில் பிறந்தவள் நான். எனக்கு இது தோன்றவில்லையே! அதுதான் கதவு பூட்டியிருந்தது. அதுதான் அந்த நவம்பரில் அவர் ஒன்றும் சொல்லவில்லை; பத்தொன்பதாம் திகதி அவர் இங்கே இருக்கப்போவதில்லை. எங்கள் மேல் அவருக்கு மனக்கசப்பு ஒன்றும் இல்லை.

"நாங்கள் ஆறாம் திகதி போனோம், மிலுங்கா. அவர் ஒன்றும் சொல்லவில்லை. மெழுகுதிரி கொளுத்தினார். முழுநேரமும் நின்றார். என்னுடைய கேசரியைச் சாப்பிட்டார்."

"அதில் நெய் இருந்ததா?"

"ஓம்."

"எங்களுக்கு அது விரதகாலம். இறைச்சி, பால், நெய் தொடமாட்டோம், மீன் மட்டும்தான்," என்றாள். பிறகு என் பக்கத்தில் மூட்டைமேல் வந்து இருந்தாள். அவளுடைய கண்ணும் கலங்கியிருந்தது.

வீட்டுக்கு வந்து இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நாள் பிழை, விருந்தே இல்லை, நாங்கள் போய் நின்றதால் அந்த மனுசன் தன் புனிதரைப் பெட்டியைக் கிழித்து வெளியே எடுத்தார் என்று சொன்னேன்.

"எவ்வளவு நேரம் நிண்டவர்?" என்றார்.

"ரெண்டு மணித்தியாலம்."

"அந்தக் காலோடை."

எழும்பிப் போய் அலுமாரியிலிருந்து ராடியின் போத்தலை எடுத்து இரண்டு கிளாஸில் கொஞ்சம் கொஞ்சம் ஊற்றினார். என்னுடையதை என் முன்னால் வைத்தார். தன்னுடையதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். இருங்கோவன் என்றேன். இருக்கவில்லை.

"வாற டிசெம்பர் பத்தொன்பதுக்கு பெல்கிராட்டுக்கு ரிக்கெற் பாரும். ரெண்டு பேருக்கும்," என்றார்.

நான் விடுவேனா? பதினொரு வருஷம் கேட்ட கேள்வியல்லவா!

"ஏன், அவர் சொன்னவரோ?" என்று கேட்டேன்.

இவர் என் கண்ணைப் பார்த்துக் கிளாஸைத் தூக்கினார்.

"சொல்லேல்லை," என்றார். "அதுதான் போறம்."